வரையாடு பார்க்கப் போன பக்தவத்சலம்

பாரிவாக்கம் பக்தவத்சலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடமாக உலைக்கு முன்னால் நிற்பவர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவது வேலை. கூடவே தானும் காய்வது இலவசம். அவருக்கு ஒரே ஆசை: மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவில், ஜனவரிக் குளிரில், பாறைமேல் நிற்கும் வரையாட்டை நேரில் பார்த்துவிட வேண்டும். புலி, யானையெல்லாம் கேட்கவில்லை. ஆடுதான்.

நண்பன் ஜெகன் முத்தாபுதுப்பேட்டையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். பத்து வருடமாக "அடுத்த வாட்டி" சொல்லிக்கொண்டிருந்தவன் இந்த ஜனவரியில் தானாகவே வந்தான்.

"மாமே, காட்டுப்பாக்கம் ஃபிளாட்டுக்காரங்கோ மூணாறு போறாங்கோ. ஒரு சீட்டு காலியா கீது. ஏறிக்கோ."

"நெசமாவா?"

"உன்னியா ஏமாத்தப் போறேன்? உன் கரண்டிய எடுத்துக்கோ. உன் கைக்குத் தோதா அங்க கெடைக்காது."

ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊருக்கே கூழ் காய்ச்சும் கரண்டி அது. சுற்றுலாவுக்கு எதற்குக் கரண்டி என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். பக்தவத்சலம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அடுப்புப் பற்றவைத்ததும் அவர்தான். நண்பனுக்கு ஒத்தாசை.

பூங்கா வாசலில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. நடுநடுவே பருவம் தப்பிய மழை. உள்ளே கூட்டிப்போகும் வனத்துறை பஸ் கிளம்பவில்லை. "சும்மா நிக்கற நேரத்துக்கு சோறு வெச்சிடு மாமே" என்றான் ஜெகன். வேன் ஓரத்தில் அரிசி கொதிக்க ஆரம்பித்ததும் பனி சட்டென்று விலகியது.

ஃபிளாட்டுக்காரர்களின் தலைவி ஷர்மிளா அவசரமாக வந்தாள். "மாஸ்டர், நாங்க பார்த்துட்டு வந்துடறோம். சாம்பார்ல காரம் கம்மியா போடுங்க."

"மாஸ்டரா? நானும் வரேம்மா."

அவள் ஜெகனைப் பார்த்தாள். "சமையல் ஆளோடதானே வேன் பேசினோம்?"

ஜெகன் மலையைப் பார்த்தான். "நீ அடுப்பப் பாரு மாமே. பார்ட்டிக்கு நான் வழி காட்டணும்."

பஸ் போவதற்கு அங்கே இருப்பது ஒரே வழி. அதைக் காட்ட ஜெகனும் ஏறிக்கொண்டான்.

பக்தவத்சலம் அடுப்பை அணைத்துவிட்டு டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் பனி மறுபடி இறங்கியிருந்தது. இன்றைக்கு இனி பஸ் இல்லையாம். அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

திரும்பி வந்தவர்கள் சாப்பிட்டபடியே செல்போனை நீட்டினார்கள். கையெட்டும் தூரத்தில் ஆடு. பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஜெகன்.

பக்தவத்சலம் வேனிலிருந்து தன் பையை இறக்கினார்.

"இன்னா மாமே, ராவுக்கு யாரு ஆக்குறது?"

"நீதான் உள்ள போய்ட்டு வந்தியே, அந்த ஆட்டாண்ட கேளு."

வேன் போய்விட்டது. மறுநாள் காலை, கொட்டும் மழையில், மூடிய வாசலின் முன் முதல் ஆளாக நின்றார். குடையோடு வந்த மலையாளக் காவலர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "தனியாட்டு வந்தோ?"

"இல்ல சார். நேத்திலேருந்துதான் தனி."