பாகற்காய் அல்ல, பலாக்காய்

மடுல்கெல்லவிலிருந்து ஒரு வாசகர் போஸ்ட் கார்ட் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு வரி.

"ஐயா, பாகற்காய் எந்த ஊரில் மரத்தில் தொங்குகிறது?"

நியாயமான கேள்வி. எந்த ஊரிலும் தொங்குவதில்லை. அது கொடியில் காய்ப்பது...

சென்ற வாரம் வெளியான குறுக்கெழுத்து விடைகளில், மேலிருந்து கீழ் ஏழாம் எண்ணுக்குப் 'பாகற்காய்' என்று போட்டிருந்தோம். அச்சுப்பிழை என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இல்லை. அது பொய். தெரிந்தே சொன்ன பொய். சொன்னவன் நான்தான்.

நான் கொடுத்திருந்த குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். 'மரத்தில் தொங்கினால் கறிக்கு ஆகும். சந்தியில் நின்றால் கைவிலங்கு மாட்டும். ஐந்து எழுத்து.'

இந்தக் குறிப்பை எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஏன் தெரியுமா? அதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. இங்கிலீஷ் 'கான்ஸ்டபிள்' சிங்களவர் வாயில் 'கொஸ்தாப்பல்' ஆனார். கொஸ்தாப்பல் நீளமாக இருக்கிறதென்று வெட்டி 'கொஸ்' ஆக்கினார்கள். கொஸ் என்றால் சிங்களத்தில் பலாக்காய். கம்பளையிலும் கண்டியிலும் லைசன்ஸ் இல்லாமல் கூடை வைத்து விற்கும் தமிழ் வியாபாரிகள் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தூரத்தில் தொப்பி தெரிந்தால் போதும் — "பலாக்காய் வருது!" கூடைகள் எல்லாம் மாயம்.

அதே ஆள் நேரில் வந்து நின்றால் என்ன சொல்வோம்? "வாங்க ராளாமி, இருங்க ராளாமி." ஒரு காலத்தில் பெரிய மனிதர்களுக்கு மட்டும் இருந்த மரியாதைப் பெயர் அது. முன்னால் ராளாமி, பின்னால் பலாக்காய்!

இவ்வளவும் யோசித்து எழுதியவனுக்கு, அந்தச் சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்கும் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இஸ்மாயில் நானா தையல் கடை வைத்திருக்கிறார். நான் சட்டை தைக்கக் கொடுப்பது அவரிடம்தான். எங்கள் போட்டிக்கு ஒரு வாரமும் தவறாமல் கூப்பன் அனுப்புகிறவர். துணி வெட்டுகிற மேசையில் சோக்கால் கட்டம் போட்டு, எழுதி, அழித்து, திருப்பி எழுதி, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பேப்பரில் பென்சில் வைப்பார். இதுவரை பரிசு விழுந்ததில்லை. ஒன்றிரண்டு விடை எப்போதும் இடித்துவிடும்.

அந்தக் குறிப்பு வெளியான வாரம், திங்கட்கிழமை, ஏழாம் எண் மட்டும் மிச்சம். கீழே இரண்டு கட்டங்களில் 'கா', 'ய்' வந்துவிட்டது. காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பிடிபட்டது. கதிரையை விட்டு எழும்பி, எதிர்க்கடைக்காரருக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறார்.

"பலாக்காய்! அடே, பலாக்காய்தான்!"

சந்தில் கீரை விற்றவர்களும் சீப்பு விற்றவர்களும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்து முனையில் ஒரு கான்ஸ்டபிள் உண்மையாகவே வந்துகொண்டிருந்தார்.

ஒருவரும் அகப்படவில்லை. நானா அகப்பட்டார். கன்னத்தில் இரண்டு. பிறகு ஸ்டேஷன். சைகை கொடுத்து வியாபாரிகளைத் தப்ப வைத்தார், பொலிஸ் கடமைக்கு இடைஞ்சல் செய்தார் என்று வழக்கு. அந்தக் கான்ஸ்டபிளின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவரும் நானாதான்... அது குற்றப்பத்திரிகையில் இல்லை.

நானாவின் மனைவி ஹாஜரா ராத்தா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பாதி நிரப்பிய கூப்பன்.

"தம்பி, இத எழுதின நீங்கதானே? கோர்ட்டுக்கு வந்து விடை இதுதாண்டு ஒரு சொல்லுச் செல்லுங்கோ. போதும்."

"கட்டாயம் வாறன் ராத்தா" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

வழக்குக்கு முதல் நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, பேப்பரை மூடவேணும் எண்டு உமக்கு ஆசையோ? பொலிஸைப் பலாக்காய் எண்டு எழுதினது நாங்கள்தான் எண்டு கோர்ட்டிலே போய்ச் சொல்லப் போறீரோ?"

"விடை அதுதானே, சேர்..."

"விடை இன்னும் அச்சாகேல்லையே! பாகற்காய் எண்டு போடும். அதுவும் ஐந்து எழுத்து, அதிலேயும் 'காய்' இருக்கு."

"அது மரத்திலே தொங்காதே?"

"கொடி மரத்திலே ஏறினால் தொங்கும். கையிலே சுற்றினால் விலங்கு. போம்."

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது கொஞ்சம் வந்தது.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறினேன். நானாவுக்காக வாதாடிய புரக்டர் நம்பிக்கையோடு எழும்பினார். மொழிபெயர்ப்பு முதலியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புதிரை எழுதியது நீரா?"

"ஓம்."

"ஏழாம் எண்ணுக்கு விடை என்ன?"

கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தேன்.

"பாகற்காய்."

புரக்டர் கையிலிருந்த கூப்பனைத் திருப்பிப் பார்த்தார். முதலியார் அதை இங்கிலீஷில் சொன்னார். நீதவான் தலையாட்டினார். புதிரின் விடை அதுவல்ல என்றால் இந்த மனிதர் எதற்காகக் கத்தினார்? சைகை கொடுக்கத்தானே? பத்து நாள் மறியல்.

சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது நானா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி... அப்ப எண்ட விடை பிழயா?"



அவர் வெளியே வந்த பிறகு, நேற்று முன்தினம், கடைக்குப் போனேன். ஹாஜரா ராத்தா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். நானா மெஷினில் இருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"உங்கட விடை சரி, நானா."

"தெரியும் தம்பி. உள்ளுக்கு ஈந்த பத்து நாளும் யோசிச்சுப் பாத்தேன். பாகற்காய் பொருந்தவே இல்ல. நீங்க ஏன் பிழயா எழுதினீங்கண்டுதான் வெளங்கல்ல."

அப்போதும் நான் தவறுதலாக எழுதிவிட்டேன் என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிழையா எழுதேல்ல, நானா. பயந்திட்டன்."

மெஷின் நின்றது.

"என்னத்துக்கு? ஒங்கள யாராச்சும் அடிச்சாங்களா?"

இல்லை. ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவரும் தொடக்கூட இல்லை. ஓர் ஆசிரியர் நாலு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

வழக்கமாக நான் போனால் பிளேன் டீ வரும். அன்று வரவில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஆசிரியர் இந்த வாரம் கொழும்பில். அதனால்தான் இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அவர் திரும்பி வந்து என்ன செய்வாரோ, செய்யட்டும்.

ஏன் பொலிஸ்காரருக்கு மட்டும் ஊருக்கு ஊர் இத்தனை பட்டப்பெயர் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். பாஷையின் குறும்பு என்று நினைத்தேன். இல்லை. நேரில் பேச வழியில்லாத சனம் முதுகுக்குப் பின்னால் பேசக் கண்டுபிடித்த வழி அது. அதை எடுத்துக் கட்டத்தில் போட்டுக் கெட்டிக்காரத்தனம் காட்டியது நான். மறியலுக்குப் போனது தையற்காரர்.

கோழைக்கு மட்டும் நம்மிடம் இன்னும் ஒரு பட்டப்பெயரும் இல்லை. இந்தப் பத்தியின் தலையில் என் பெயர் அச்சாகியிருக்கிறது — வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.