பூச்சக்காவின் செவ்வாய்க்கிழமைச் சண்டை

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் பூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுழலும் கண்ணாடிச் சில்லின்மேல் டின் ஆக்சைடு கரைசலைச் சொட்டுவிட்டு மெல்லிய படலமாகப் பூசுவது பதினொரு வருடமாக அவள் வேலை. சூரிய மின்கலத்தின் பெரோவ்ஸ்கைட் என்ற, ஒளியை உறிஞ்சும் படிக அடுக்கில் வெயில் கிளப்பிவிடும் எலெக்ட்ரான்களை வழியில் சிந்தாமல் வெளியே கொண்டுசேர்ப்பது அந்தப் படலம்தான். அவள் பூச்சு போட்ட மின்கலங்கள் எப்போதும் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வெளிச்சத்தை மின்சாரமாக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பூசியவை மட்டும் இருபத்தொன்று காட்டின.

பேராசிரியருக்குக் காரணம் புரியவில்லை. மறுநாள் அதே கரைசல், அதே சூடு, அதே கைகள், பழையபடி பதினெட்டு. அன்றைக்கு என்னென்ன செய்தாய் என்று அவளைக் குடைந்தெடுத்தார். கரைசல் கலக்கும் முன் கணவர் போனில் அழைத்ததையும் இருபது நிமிடம் சண்டை போட்டதையும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்போ அதையும் செஞ்சு பாத்துடுவோம்," என்றார் அவர், சிரிக்காமல்.

அடுத்த செவ்வாய் அதே உடையில் வந்து நின்றாள். தையல்கடைக்காரரான கணவருக்குச் சண்டை எதற்கென்றே மறந்துபோயிருந்தது. அவள் சொல்லப் பேராசிரியர் எழுதி அனுப்பிய தாளை, கணவர் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல் போனில் வாசித்தார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபம் போதவில்லை என்று பேராசிரியர் சைகை காட்டினார். அதற்குள் கணவர், "நெஜமாவே நீ என் பேச்சை என்னைக்கும் கேட்டதில்லதான்," என்று தாளில் இல்லாததைச் சேர்த்துவிட்டார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பிடிபிடியென்று பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் உள்ளே வந்து, கதவோரம் கவிழ்த்திருந்த அளவுக்குடுவையை எடுத்தார். பேராசிரியர் மறித்தார்.

"போன வாரமும் எடுத்தேன் சார். உரம் கரைக்கிற குவளை உடைஞ்சுபோச்சு. அக்கா போன்ல சத்தம் போட்டுட்டு இருந்தாங்க, கேக்க பயமா இருந்துச்சு. உடனே அலசித்தான் வச்சேன்."

என்ன உரம் என்று விசாரித்தார். பொட்டாஷ் உப்பு.

போன செவ்வாய் அந்தக் குடுவையில்தான் அவள் கரைசல் கலந்திருந்தாள். அலசியும் போகாத கொஞ்சம் பொட்டாசியம் படலத்தின் பழுதுகளை அடைத்து, எலெக்ட்ரான்கள் தடுமாறாமல் ஓட வழிவிட்டிருக்கிறது. சுத்தமான பொட்டாசியம் குளோரைடை எடை போட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வந்தது.

ஆய்வறிக்கையில் அவள் பெயர் மூன்றாவது. நன்றி சொல்லும் வரியில் தோட்டக்காரர். கணவரையும் சேர்க்கலாமா என்று பேராசிரியர் கேட்டபோது அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

"போடுங்க சார். எதுக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க."