எண்பத்தாறாம் நம்பர் துப்பாக்கி

எங்கள் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பேர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். பிழைப்பு என்னவோ செருப்புக்கடையில். நாளெல்லாம் மண்டி போட்டு, வந்தவர் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து ஷூவுக்குள் திணிப்பார். இளவயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் நின்றவர்தான். தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரான் பாதத்தில் நல்ல வளைவைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக ஞாயிற்றுக்கிழமைச் சங்கம் ஒன்று வாய்த்தது. பல் டாக்டர் ஒருவர் தலைவர். இரண்டு டியூஷன் வாத்தியார்கள், ஒரு கடன் வசூல் அதிகாரி, இன்னும் சில பேர். பட்டாளத்துப் பக்கம் தலை வைத்துப் படுத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பழைய யுத்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து உடுப்பு, அந்தக் காலத்துத் துப்பாக்கி மாதிரி எல்லாம் செய்து, வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் அணிவகுத்துச் சண்டை போட்டுக் காட்டுவார்கள். எங்கள் கர்னலுக்கு வருஷா வருஷம் பிணம் வேஷம். முதல் குண்டிலேயே விழுந்து, கடைசிவரை வெயிலில் கிடக்க வேண்டும்.

இந்த வருஷம் பல் டாக்டர் ஒரு சட்டம் போட்டார். யாருடைய துப்பாக்கிக் கட்டையில் பட்டாள முறைப்படி நம்பர் இருக்கிறதோ, அவர்தான் முன்வரிசை. அவ்வளவுதான், அக்கா வீட்டுக் கூடம் ஆயுதக் கிடங்காகிவிட்டது. மரக்கட்டையும் குழாயுமாக அவரே செய்த துப்பாக்கி சாப்பாட்டு மேஜையில் படுத்துக்கொண்டது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முதலில் எந்த நம்பர் என்பதற்கே ஒரு வாரம் போனது. ஒன்று என்றால் திமிர் என்பார்கள். நூறு என்றால் எவனும் நம்பமாட்டான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்து எண்பத்தாறில் வந்து நின்றார். அக்காவுடைய முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்து, அதில் எண்களை வெட்டினார். பூதக்கண்ணாடியும் கையுமாகப் பழைய போட்டோக்களைப் பார்த்து, எட்டின் இடுப்பு எவ்வளவு ஒல்லி, ஆறின் வால் எங்கே நிற்கும் என்றெல்லாம் அளந்தார். நம்பரைத் துப்பாக்கியை நிமிர்த்திப் படிப்பதா, படுக்க வைத்துப் படிப்பதா என்று வாத்தியார்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

வெட்டிய எக்ஸ்ரேயைக் கட்டையில் ஒட்டி, பஞ்சால் வெள்ளைப் பெயின்டை ஒற்றி ஒற்றி எடுத்தார். மூச்சுகூட விடவில்லை. உண்மையைச் சொன்னால், நம்பர் அச்சு அசலாக விழுந்தது. மறுநாளே உப்புத்தாளை எடுத்து அதைச் சுரண்டத் தொடங்கினார். தேயிலைத் தண்ணியைத் தடவினார். சாவிக்கொத்தால் கீறினார்.

"ஏங்க, சுரண்டறதுக்குன்னே பெயின்ட் அடிச்சீங்களா?" என்றாள் அக்கா.

"யுத்தத்துக்குப் போயிட்டு வந்தது, அப்படித்தான் இருக்கும்."

"நீங்க கறிகாய் வாங்கக்கூடப் போறதில்ல. உங்க துப்பாக்கி யுத்தத்துக்குப் போயிட்டு வந்துச்சாக்கும்?"

பல் டாக்டர் வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். "முன்வரிசை" என்றார். கர்னல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கூடம்வரை கேட்டது.

அணிவகுப்பு அன்று என் ஸ்கூட்டரில்தான் போனோம். நான் முன்னால், காக்கி உடுப்பில் அவர் பின்னால், அவர் மடியில் எண்பத்தாறு. பாலத்துச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன, நாடகமா? சரி சரி, பொம்மையத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க."

நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். பின்னால் இருந்த மனுஷன் இறங்கிவிட்டார்.

"பொம்மை இல்ல சார். நம்பரப் பாத்தீங்களா?"

வேலியில் போற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொள்வது என்றால் இதுதான். போலீஸ்காரர் நம்பரைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். "எங்கேர்ந்து கிடைச்சுது?" என்று குரல் மாறியது. அடுத்த அரைமணியில் நாங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நம்பரை அவர் நெற்றியிலேயே ஒட்டியிருப்பேன்.

விஷயம் தெரிந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் குழாயைத் தட்டினார், சிரித்தார், போனார். இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை இருந்தது.

"பொம்மைன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போய்யா."

"மாதிரித் துப்பாக்கி சார். பொம்மை இல்ல."

"மாமா, சொல்லித் தொலைங்க. இப்பக் கிளம்பினாக்கூட முன்வரிசையில நிக்கலாம்" என்று கெஞ்சினேன்.

"இங்க பாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "பொம்மைன்னா திருப்பிக் குடுப்பேன். பொம்மை இல்லன்னா உள்ள வச்சுப் பூட்டணும். எது?"

கர்னல் யோசித்தார். "உள்ள எங்க சார்?"

"துப்பாக்கி ரூம்லதான், வேற எங்க?"

"நெஜத் துப்பாக்கிங்களோடயா?"

"ஆமாய்யா!"

"அப்ப உள்ளயே வைங்க சார்" என்றார்.

ஒரு கான்ஸ்டபிள் அதை எடுத்துப்போய், இரண்டு அசல் துப்பாக்கிகளுக்கு நடுவே சாத்திவிட்டுக் கதவைப் பூட்டினார். இவர் எட்டி எட்டிப் பார்த்தார். மைதானத்தில் அணிவகுப்பு முடிந்தே போயிருந்தது. துப்பாக்கி இல்லாதவருக்கு அடுத்த வருஷமும் பிணம்தான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனுஷன், பெண்ணைப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்த தகப்பன்மாதிரி வீட்டுக்கு வந்தார். கடையில் கால் நீட்டுகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னார். எதிர்க்கடைக்காரர் முகத்துக்கு நேரே சிரித்தார். கர்னல் அதையும் பொறாமை என்றார்.

ரெண்டு மாசம் கழித்து, தொலைந்துபோன என் பர்ஸுக்காக அந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. கொல்லைப்பக்கம் எண்பத்தாறைப் பார்த்தேன். துணிக்கொடி தாழ்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். குழாய்க்கு மேலே யாருடைய பனியனோ காய்ந்துகொண்டிருந்தது.

நான் அப்படியொன்றும் நல்லவன் இல்லை. மேஜை போய்த் தரையில் சாப்பிட்டது, பெஞ்சில் உட்கார்ந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளை மடக்க நல்ல கதை கிடைத்துவிட்டது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போய்வந்ததைச் சொன்னேன்.

"ஸ்டேஷனுக்கா போன மாப்ளே? நம்மளத பாத்தியா?"

அவர் கை தைலத்தோடு அப்படியே நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் கொண்டுவந்த கதையை விழுங்கிவிட்டேன்.

"பாத்தேன் மாமா. எண்ணெயெல்லாம் போட்டு வச்சிருக்காங்க."

"அதே ரெண்டுக்கும் நடுவுலயா?"

"அங்கதான்."

தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார். நான் சமையலறைக்குள் போனேன். அக்கா அடுப்பைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப எதுக்குடா வச்சிருக்காங்க? போன மாசம் நான் போனப்ப, கக்கூஸ் கதவுக்கு முட்டுக் குடுத்திருந்தாங்க."