என் தம்பிக்கு நீச்சல் தெரியாது

மூன்று போர்வெல் வண்டிகள், பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதியில் மாடி வைத்த ஒரு வீடு, நானே துளை போட்டு நானே தண்ணீர் கண்ட ஒரு தென்னந்தோப்பு, அப்புறம் ஒரு வக்கீல். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நான், மழையும் ஏமாற்றி சொந்தமும் கைவிட்ட இந்தக் காய்ந்த பூமியில் உண்டாக்கியவை இவை. "கெணறு வெட்டறவன் ஊட்டுல கறுப்புக் கோட்டு மாட்டப் போறாங்களாமா" என்று சிரித்தவர்களில் சிலர் இந்த நினைவு மலரையும் கையில் வாங்குவார்கள். நன்றாகப் படித்துக்கொள்ளட்டும். மேலே சொன்னதில் ஆகச் சிறந்தது அந்த வக்கீல்தான். அவர்தான் என் தம்பி.

வீட்டில் நான் அவரை 'டா' போட்டுத்தான் பேசுவேன். மலரில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்றார்கள். அதற்குத் தகுதியானவர்தான், எழுதுகிறேன். என் எழுத்துப் பிழைகளைத் தம்பியின் மகள் திருத்தினாள். சொன்ன விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

எங்கள் தகப்பனார் கிணறு வெட்டும் தொழிலாளி. வேலையில் இருக்கும்போதே மண் சரிந்து கிணற்றுக்குள் இறந்துபோனார். அப்போது தம்பி கைக்குழந்தை. அதன் பிறகு அம்மா அவரைக் கிணற்று மேடு ஏற விட்டதே இல்லை. ஊர்ப் பையன்கள் எல்லாம் மழைக்காலத்தில் தோட்டத்துக் கிணறுகளில் குதித்தபோது இவர் வரப்பில் நின்று அவர்கள் துணிகளுக்குக் காவல் இருப்பார். வளர்ந்த பிறகும் அப்படித்தான். குற்றாலம் போனோம், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இதை எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நான் பாறைக்கு வெடி வைக்கிற ஆட்களோடு போய், கூலி வாங்கி, அதிலே அவரைப் படிக்க வைத்தேன். பத்தாவது வரை தமிழிலேயே படித்தவர், கோழிக்கோட்டில் சட்டம் படிக்கும்போதுதான் மலையாளத்தை எழுதக் கற்றார். எங்கள் தாலுகா கோர்ட்டில் கோட்டு மாட்டியபோது அங்கே பிறந்து வளர்ந்த வக்கீல்களைவிட அவர் மலையாளம் சுத்தமாக இருந்தது. இதை நான் சொல்லவில்லை, அவருடைய குமஸ்தா சொன்னார். குமஸ்தா பொய் சொல்லுகிறவர் அல்ல.

வக்கீல் சங்கத்தில் தம்பி ஒரே ஒரு முறை செயலாளர் தேர்தலுக்கு நின்றார். தோற்றார். "அந்தத் தமிழனுக்கு எதுக்கு நம்ம சங்கத்துல பதவி" என்று கேன்டீனில் அவர் காதுபடவே ஒருவர் பேசினாராம். எனக்குக் கோபம் வந்து, சங்கத்தையே விட்டுவிடச் சொன்னேன்.

"ஓட்டுத்தானுங்ண்ணா போடல. வேலை கொடுக்க மாட்டோம்னு யாரும் சொல்லலையே" என்றார்.

அவர் சொன்னது நிஜம். சங்கத்தின் பொதுக்குழுவில் தலைவர், செயலாளர் பதவிக்கு அடிதடி. அது முடிந்ததும் பாதிப் பேர் பிரியாணிக்குப் போய்விடுவார்கள். கமிட்டிகளுக்கு ஆள் கேட்பது அதன் பிறகுதான். கேன்டீன் கமிட்டிக்கு யார், நூலகக் கமிட்டிக்கு யார் என்று கேட்கக் கேட்க, சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கும் என் தம்பி கையைத் தூக்குவார். சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது.

"கையைத் தூக்கறதுக்குன்னே பொறந்தியாடா?" என்று நான் திட்டுவேன்.

"சும்மாதானுங்ண்ணா கெடக்குது கை" என்பார்.

கேன்டீன் கமிட்டியில் இருந்தபோது வக்கீல்களுக்கு மட்டும் இருந்த டீயை வாய்தாவுக்கு வந்து காத்துக்கிடக்கும் சனங்களுக்கும் கிடைக்கும்படி செய்தார். நூலகக் கமிட்டியில் இருந்தபோது கரையான் தின்ற புத்தகங்களை வெயிலில் காயப்போட்டு, தானே பசை தடவி ஒட்டினார். மலையாளத்தில் வந்த சம்மனைப் படிக்கத் தெரியாமல் நிற்கும் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்காகச் சனிக்கிழமைகளில் மேசை போட்டு உட்கார்ந்து தமிழில் விளக்கினார். அதற்கும் ஒரு கமிட்டி. அதிலும் இவர்தான்.

ஆனால் ஒருவருமே சீந்தாத கமிட்டி ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

வக்கீல் ஒருவர் இறந்தால், அடுத்த வேலை நாளில் ஜட்ஜ் கோர்ட் ஹாலில் வந்து அமர, எல்லா வக்கீல்களும் எழுந்து நிற்க, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் வாசிப்பார். பிறகு மௌனம். அன்று குடும்பத்தாருக்கு முன்வரிசையில் நாற்காலி. மலையாளத்தில் இதை அனுசோசனம் என்கிறார்கள், நம் இரங்கல்தான். அந்தக் குறிப்பை எழுதுவது அனுசோசனக் கமிட்டி. பேர்தான் கமிட்டி, தம்பி ஒருவரே அதில் இருந்தார்.

எந்த வருடம் பதிவு செய்தார், எந்தப் பதவி வகித்தார் என்று சங்க ஆபீசில் பார்த்து எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. செத்த வீட்டுக்குப் போவார். அவர்கள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, அப்புறம் கேட்பார். ஒரு வக்கீலுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி கேஸே கிடையாது. என்னத்தை எழுதுவான் என்று எல்லாரும் நினைத்திருக்க, "தன்னைத் தேடி வந்த ஒருவரையும் இவர் நிற்க வைத்துப் பேசியதில்லை. இவர் ஆபீசில் மேசையைவிட நாற்காலிக்கு மரியாதை அதிகம்" என்று தம்பி எழுதினார். அந்தக் குடும்பம் அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

எழுதியதை முதலில் என்னிடம்தான் வாசித்துக் காட்டுவார். பொழுதோடு கோர்ட்டு முடிந்து வீட்டுக்கு வந்து, "சித்த கேளுங்ண்ணா" என்பார். எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது. காதால் கேட்டால் ஒரு வார்த்தை தப்பாது. "இது வக்கீலுக வார்த்தை, எடுத்துப்போடு" என்பேன். "இங்க சும்மா புகழ்ற, அந்தாளு அப்படியில்ல" என்பேன். எடுத்துவிடுவார். நான் சரி சொன்ன பிறகுதான் அது கோர்ட்டுக்குப் போகும். இத்தனை வருடமாக அந்தக் கோர்ட்டில் கேட்டவர்கள் கண் கலங்கிய குறிப்புகளில் ஒன்றுகூட என் காதைத் தாண்டாமல் போனதில்லை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் தம்பி சம்சாரத்தைக் கேட்கலாம். டீ போட்டுக் கொடுத்தது அவர்தான்.

சென்ற ஆண்டு தம்பிக்கு இருதயம் பழுதானது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் குறிப்பு எழுதறவன் பாவமுங்ண்ணா. கேசும் பெரிசா இல்ல, பதவியும் இல்ல. என்னத்த எழுதுவான்?"

"நான் சொல்றேன் போடா. வாய மூடிட்டுப் படு" என்றேன்.

அடுத்த வாரம் போய்விட்டார்.

அனுசோசனத்துக்கு எங்களை அழைத்தார்கள். முன்வரிசையில் தம்பி சம்சாரம், மகள், நான். ஜட்ஜ் அம்மா வந்து அமர்ந்தார். சங்கத்தின் செயலாளர், சின்ன வயதுக்காரர், குறிப்பை வாசித்தார். தம்பி பெயர், பிறந்த ஊர் எல்லாம் சரியாக வந்தது. பிறகு, "விடியற்காலையில் கோயில் குளத்தை மூன்று தடவை நீந்திக் கடந்த பிறகே அவருடைய நாள் தொடங்கும். வாதத்திலும் அவர் அப்படித்தான், மூச்சை அடக்கிக்கொண்டு அக்கரை சேர்வார்" என்று வந்தது. வக்கீல்கள் தலையாட்டினார்கள்.

எனக்கு அந்த வரி தெரியும். அதற்கு முந்தின வருடம் இறந்த கொல்லங்கோட்டு வக்கீல் ஒருவருக்காகத் தம்பி எழுதியது. 'மூச்சை அடக்கிக்கொண்டு' என்பதைப் போடச் சொன்னதே நான்தான். எழுத ஆளில்லாமல், தம்பி கடைசியாக எழுதிய குறிப்பை எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றி, தம்பிக்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கிணற்றில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையை, தாய் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளையை, குளத்தில் நீந்த விட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

செயலாளர் ஓடி வந்தார். "சேட்டா, இரிங்க. இங்க வக்கீல் மட்டும்தான் பேசலாம்."

"கைய எறக்க மாட்டனுங்க" என்றேன்.

ஜட்ஜ் அம்மா, "அவருடைய அண்ணன்தானே, சொல்லட்டும்" என்று மலையாளத்தில் சொன்னார்.

நான் தமிழிலேயே பேசினேன். "அம்மா, இதுல நீந்தறது என்ற தம்பி இல்லைங்க. அது கொல்லங்கோட்டு வக்கீலய்யா. என்ற தம்பிக்கு நீச்சல் தெரியாதுங்க. எங்கூர்ல நீந்தறதுக்குத் தண்ணி ஏதுங்க? குடிக்கறதுக்கே நான் துளை போட்டாத்தானுங்க வரும்."

பின்னால் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்ததும் நல்லதுக்குத்தான், எனக்கு அழுகை நின்றது. டீயைச் சொன்னேன், கரையானைச் சொன்னேன், சனிக்கிழமை மேசையைச் சொன்னேன். "இத்தனை பேருக்கு எழுதுனவனுக்கு எழுத உங்கள்ல ஒருத்தருக்குக் கை வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் போச்சு சேட்டா. க்ஷமிக்கணும். ஒரே நாளுல எழுத எங்களுக்குத் தெரியல."

மன்னிப்பது வேறு. திருத்துவது வேறு. வாசித்த குறிப்பு சங்கத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதைத் திருத்தச் சொல்லி இந்த ஓராண்டில் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: அனுசோசனக் கமிட்டி கூடித்தான் திருத்த முடியும், கமிட்டியில் இப்போது ஆள் இல்லை. நானே இருக்கிறேன் என்றேன். வக்கீலாக இருக்க வேண்டுமாம். ஆக, இன்று வரை அந்தக் கோர்ட்டில் என் தம்பி நீந்திக்கொண்டேதான் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு மருந்தைவிடத் தைரியத்தை அதிகமாகக் கொடுத்த நர்ஸ் பெண்களை எங்கள் குடும்பம் மறக்காது. கடைசி நாட்களில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு கோவைக்கும் ஊருக்கும் அலைந்த குமஸ்தாவுக்கும், துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே டீ கொண்டுவந்த கேன்டீன்காரருக்கும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். என்னைப் பேச விட்ட ஜட்ஜ் அம்மாவுக்கு என் கும்பிடு.

வருகிற பொதுக்குழுவில் தலைவர் பதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கட்டும். அனுசோசனக் கமிட்டிக்கு யார் என்று கேட்கும்போது, இந்த மலரைப் படித்த வக்கீல்களில் ஒருவராவது பிரியாணிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்து கையைத் தூக்குங்கள். தூக்கியவர் நேராக என் வீட்டுக்கு வரட்டும். பதிவேட்டில் குளம் வருகிற வரியை அடித்துவிட்டு, தம்பி இருந்த கமிட்டிகளை எல்லாம் வரிசையாக எழுதட்டும். கடைசியில், இந்தச் சங்கத்தின் இரங்கல் குறிப்புகளை எழுதியவர் இவர், அவற்றை முதலில் கேட்டுச் சரி சொன்னவர் இவருடைய அண்ணன் என்றும் போட வேண்டும். அந்தக் கமிட்டியில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டட்டும். நான் சரி சொன்ன பிறகு கோர்ட்டுக்குப் போகட்டும்.