யோஷ்கோவின் பாதித் தூக்கம்

யோஷ்கோ ப்ரிஸ்மிச் தன் சொந்தக் கட்டிலில் படுத்துக் கடலைப் பார்த்தது கிடையாது. கட்டில் அவருடையது. ஜன்னல் அவருடையது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீரில் ஒரு பழைய படகுகூட அவருடையதுதான். ஆனால் அந்தக் கட்டிலில் சாய்ந்தால் கடல் எப்படி இருக்கும் என்பது, போலந்துக்காரர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மே மாதம் பிறந்ததும் குடும்பத்தோடு கீழே இறங்கி, ஒயின் பீப்பாயும் எண்ணெய் ஜாடியும் இருக்கும் கொனோபாவில் கட்டில் போட்டுக்கொள்வோம். மேலே இருக்கும் நல்ல அறைகளில் வெளிநாட்டார் வந்து நம் தலைக்கு மேல் நடப்பார்கள். அக்டோபரில் மறுபடி மேலே ஏறினால், மலையிலிருந்து புரா காற்று இறங்கி ஜன்னல் கதவை எல்லாம் தாழ்ப்பாள் போட வைத்துவிடும். வசந்தம் வரை இருட்டுதான். இப்படியாக ஒரு மனிதன் கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் கல்யாணம் செய்து, கடலைப் பார்க்காமலே தூங்கி எழுந்து வயதாகிவிட முடியும். யோஷ்கோ அதைச் சாதித்துக் காட்டியவர்.

அவருக்குக் கூடுதலாக ஒரு கொடுமை. ஊரில் வாடகைக்கு விடும் அறைகளைப் படம் எடுத்துத் தருவது அவர்தான். எங்கள் முன்னோர் புராவுக்குப் பயந்து கல்சுவரை முழங்கை நீளத் தடிமனில் கட்டினார்கள், ஜன்னலைப் பூனை நுழையும் அளவுக்கு வைத்தார்கள். அறைக்குள் பாதாளம், ஜன்னலில் வெயில். கேமரா ஒன்று அறையைப் பார்க்கும், அல்லது கடலைப் பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பெருந்தன்மை அதற்கில்லை. எனவே ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி மூன்று படம் எடுக்க வேண்டும். கடலுக்காக ஒன்று, இருட்டு மூலைக்காக ஒன்று, நடுவில் சமாதானத்துக்கு ஒன்று. பிறகு மூன்றையும் கணினியில் ஒன்றாகக் குழைத்தால், முன்னோர் கட்டிய குகையில் மத்தியதரைக் கடல் பொங்கி வழியும். இதற்கு ஹெச்.டி.ஆர் என்று பெயர். எங்கள் ஊரில் பாதிரியாரிலிருந்து மீன்காரி வரை எல்லோருக்கும் இந்த மூன்று எழுத்து தெரியும்.

குழைப்பதற்கு யோஷ்கோவிடம் மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். மாதா மாதம் வாடகை கறக்கும் முதலாவதன் பெயர் வீட்டுக்காரி. எல்லாவற்றையும் துடைத்து, ஒழுங்குபடுத்தி, கசங்கிய தலையணையைக்கூடக் கண்டிப்போடு பார்ப்பவள். இரண்டாவது, பாதிரியார். பொய் சொல்லாது, நிறம் கூட்டாது, பார்ப்பவருக்கு மகிழ்ச்சியும் தராது. மூன்றாவது இலவசம்; யாரோ ஆர்வக்கோளாறுகள் சேர்ந்து செய்தது. அதன் பெயர் கார்னிவல். கையில் கொடுத்த எதற்கும் முகமூடி மாட்டி, உதட்டுச்சாயம் பூசி, தெருவில் ஆட விட்டுவிடும்.

குளிர்காலம் முழுக்க யோஷ்கோ அந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, அடுத்தவர் கட்டில்களுக்கு அடுத்தவர் கடலை ஒட்டினார். கண் சிவந்து, தோள் இறங்கி, காப்பி ஆறி. அறுபதை நெருங்கும் மனிதர். தெற்கிலிருந்து ஈரமான யூகோ காற்று அடிக்கும் நாட்களில் கொனோபாவின் சுவர் வியர்க்கும், அவர் முழங்கால் அதற்குப் பதில் சொல்லும். அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு ஆகஸ்ட், ஒரே ஒரு ஆகஸ்ட், ஜன்னலைத் திறந்து வைத்துத் தன் கட்டிலில் படுக்க வேண்டும்.

அதை ஒருமுறை மனைவி தோன்காவிடம் சொல்லியும் பார்த்தார்.

"ஆகஸ்ட்ல ஆள் இல்லாத வீடு நம்ம தெருவுல ஒண்ணு பாத்திருக்கியா?" என்றாள் தோன்கா, கீரையும் உருளைக்கிழங்கும் மசித்துக்கொண்டே. "ஊரே வந்து துக்கம் விசாரிக்கும். யாருக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? என் புருஷனுக்குத் தூக்க வியாதின்னா?"

"ஆமான்னு சொல்லேன்."

"நீ கொனோபாலயும்தான் தூங்கற. குறட்டை விடற. பீப்பாயெல்லாம் அதிருது."

"அது தூக்கம் இல்ல தோன்கா. மயக்கம்."

தோன்கா கல் நெஞ்சக்காரி அல்ல. கேட்டு வந்த விருந்தாளியைத் தேதி காலியாக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் செய்யக்கூடிய காரியமே அல்ல. கோயிலில் தும்மினால்கூட மன்னிப்பார்கள். ஆக, யாரும் கேட்டு வராமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி படம். ஊருக்கெல்லாம் ஆளை வரவழைக்கத் தெரிந்த தொழில்காரனுக்கு, தன் வீட்டுக்கு ஆள் வராமல் செய்யத் தெரியாதா? யோஷ்கோ இப்படித்தான் யோசித்தார். படித்தவர்கள்கூட இவ்வளவு தவறாக யோசிக்க மாட்டார்கள்.

முதலில் கார்னிவலை அவிழ்த்துவிட்டார். எல்லா அளவையும் கடைசி வரை தள்ளினார். கடல் மயில்துத்தம் கரைத்த நிறத்துக்கு வந்தது. சுவரின் சுண்ணாம்பு முதலைத் தோலாக எழும்பியது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, புனிதர்களின் தலைக்குப் பின்னால் இருக்குமே, அப்படி ஒரு ஒளிவட்டம். பார்த்தால் பல் கூசும். அதை இணையத்தில் ஏற்றிவிட்டு என் கடைக்கு வந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் எனக்குக் குழாய், பல்பு, ஆணி விற்கும் கடை.

"முடிஞ்சுது. இந்த வருஷம் நாய்கூட வராது," என்றார்.

அந்த வாரமே ஜூலை முழுக்க நிறைந்துவிட்டது. தோன்கா அவர் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் மனசு வச்சு ஒரு வேலை செஞ்சிருக்க!"

கறிக்கடை நெதில்கோ தன் வீட்டுப் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்னய்யா யோஷ்கோ, உன் கடல் மட்டும் நீலம், என் கடல் கழனித் தண்ணியா? எனக்கும் அந்த வட்டம் போட்டுக் குடு." அவனுக்குப் பின்னால் தெருவே வந்தது. தோற்றுப்போன மனிதர், தன் தோல்வியை வீடு வீடாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் மட்டும் மிச்சம் இருந்தது.

மார்ச்சில் காற்றே இல்லாத, வெயில் அடித்த ஒரு நாள். தோன்கா புதுப் படுக்கை விரிப்பு வாங்கியிருந்தாள்: பெரிய பெரிய சிவப்புக் கசகசாப் பூக்கள். பூ தெரிய வேண்டும், எனவே புதுப் படம். யோஷ்கோ மேலே போய் ஜன்னலைத் திறந்தார், கேமராவை நிறுத்தினார், தானாக எடுக்கும்படி வைத்தார். கிழட்டுக் கேமரா; ஒவ்வொரு க்ளிக்குக்கும் நடுவில் நன்றாக மூச்சு வாங்கும். முதல் க்ளிக் விழுந்தது. அப்போது அவர் கண் கட்டிலைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிற்று. கடல் அங்கே சும்மா இருந்தது. நீலம்கூட இல்லை, சாம்பல் மாதிரி ஒன்று. 'உட்கார்ந்து பார்ப்போம்' என்று உட்கார்ந்தார். 'சாய்ந்தால் என்ன' என்று சாய்ந்தார். அதற்குப் பிறகு கேமரா இரண்டு முறை க்ளிக் என்றது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோன்கா தொண்டை வறண்டு, படிக்கட்டில் கரண்டியால் தட்டியபோதுதான் எழுந்தார்.

கணினியில் போட்டுப் பார்த்தார். முதல் படத்தில் ஆள் இல்லை. அடுத்த இரண்டில் ஆள் இருக்கிறார். வீட்டுக்காரி, 'அசைந்ததை நீக்கட்டுமா' என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள். சரி என்றதும் அவரைச் சுவடே இல்லாமல் துடைத்துவிட்டு விரிப்பைத் தட்டிப் போட்டாள். தன் வீட்டில் தன் நிலைமையை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பாதிரியாருக்கு மனசாட்சி உறுத்தி, அந்த இடத்தில் ஒரு மூடுபனியை வைத்தார். கார்னிவல் மட்டும் உள்ளதை உள்ளபடி கலந்தது. கட்டிலில் பாதி மனிதர். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தொங்கி, வயிற்றின் ஊடாகக் கசகசாப் பூக்கள் மலர்ந்துகொண்டிருந்தன.

யோஷ்கோ அதையே ஏற்றினார்.

"பேய் படுத்திருக்கற ரூமை எவன் எடுப்பான்?" என்றார் என்னிடம். அன்று அவர் நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. கால் வலிக்கு அது நல்லதல்ல.

தோன்கா விரிப்பு நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் தூரத்திலிருந்து பார்த்தாள். திருப்தி. ஏப்ரல் பிறக்கும் வரை ஆகஸ்டுக்கு யாரும் கேட்கவில்லை. யோஷ்கோ ரகசியமாக மெல்லிய பைஜாமா ஒன்று வாங்கிவிட்டார் என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தை என் கடையில்தான் ஒளித்து வைத்தார்.

நான் அவர்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாட்டப் போயிருந்த அன்று தொலைபேசி அடித்தது. தோன்காவின் கையெல்லாம் மாவு. ஒலியைப் பெரிதாக வைத்து மேசையில் சாய்த்தாள். செக் நாட்டிலிருந்து ஒரு அம்மாள், பெயர் லிபூஷா. அவர்கள் மொழியை மெதுவாகப் பேசினால் நமக்குப் புரிந்துவிடும். அந்த அம்மாள் மெதுவாகவே பேசினாள்.

"உங்க ரூம் ஆகஸ்ட்ல காலியா இருக்கா?"

யோஷ்கோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கு, இருக்கு," என்றாள் தோன்கா.

"மாசம் முழுக்க எங்களுக்கு வேணும். ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரர் தூங்கி ரொம்ப காலம் ஆச்சு. மாத்திரை, மூலிகை, எதுவும் கேக்கல. எத்தனையோ ரூம் படம் பாத்தோம். எல்லாம் பளபளன்னு, ஆஸ்பத்திரி மாதிரி. உங்க படத்துல அந்தப் பெரியவர் தூங்கறாரே, அதைப் பாத்துட்டு எங்க ஆளு கொட்டாவி விட்டாரு! ரெண்டு தடவை!"

"எந்தப் பெரியவர்?" என்றாள் தோன்கா.

"கட்டில்ல. கொஞ்சம் மங்கலா இருக்காரே. ஆகஸ்டுக்குள்ள அவர் காலி பண்ணிடுவாரா?"

தோன்கா கையைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு நிமிர்ந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த முழு ஆளைப் பார்த்தாள்.

"பண்ணிடுவார்ம்மா," என்றாள் நிதானமாக. "மே மாசமே கீழ போயிடுவார். கவலைப்படாதீங்க."

அவள் தொலைபேசியை வைத்தாள். நான் வாஷரைத் திருகினேன், தேவைக்கு அதிகமாகவே.

"இது நீயா?"

"பாதி."

"வாய் தொறந்திருக்கு."

"இருக்கும்."

"குறட்டை விட்டியா?"

"தெரியல தோன்கா. நான் தூங்கிட்டேன்."

தோன்கா மறுபடி படத்தைப் பார்த்தாள். "கொனோபால உன் மூஞ்சி இப்படி இருக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்பினாள். ஆனால் மாவை எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செக் நாட்டுக்காரர் ஆகஸ்டில் வந்தார். கொனோபாவில் யோஷ்கோவுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாதபடி, மேலே மாதம் முழுக்கக் குறட்டை விட்டார். அது பிறகு நடந்தது. அதற்கு முன்பே செய்தி தெருவில் பரவிவிட்டது. எல்லோருக்கும் தங்கள் அறைப் படத்தில் ஒரு தூங்கும் மனிதர் வேண்டியதாயிற்று. நெதில்கோ தன் கட்டிலில் தானே படுத்துப் படம் எடுக்கச் சொன்னான். பார்த்தால் அவன் கடைப் பலகையில் விற்பனைக்கு வைத்த மாதிரி இருந்தது. "நடிக்கறது தெரியுதே," என்று அவன் மனைவியே சொல்லிவிட்டாள். நிஜமாகவே களைத்த ஒரு ஆள் வேண்டும், படுத்ததும் தூங்க வேண்டும், பாதி கரைந்தாலும் நிம்மதியாகத் தெரிய வேண்டும். இத்தனை தகுதியும் ஊரில் ஒருவருக்குத்தான் இருந்தது.

இப்படித்தான் யோஷ்கோ ஒவ்வொரு வசந்தத்திலும் அடுத்தவர் கட்டில்களில் படுத்துக் கடல் பார்க்க ஆரம்பித்தார். கேமராவின் பொத்தானை அழுத்துவது தோன்கா. முதல் க்ளிக்குக்கு அவர் ஓரமாக நிற்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்வார். மூன்றாவது க்ளிக் விழுந்ததும் எழுந்துவிட வேண்டும். அடுத்த வீட்டில் காத்திருப்பார்கள்.

போன ஏப்ரலில் நெதில்கோ வீட்டுக்கு நானும் பல்பு மாற்றப் போயிருந்தேன். தெற்குப் பார்த்த அறை, அகலப் பால்கனி, நடுப்பகல். வெயில் கட்டிலுக்கு அடியில்கூடப் புகுந்து தேடிக்கொண்டிருந்தது. யோஷ்கோ சாய்ந்த நொடியே தூங்கிப்போனார். இரண்டாவது க்ளிக். மூன்றாவது க்ளிக்.

"முடிஞ்சுதா? எழுப்பட்டுமா?" என்றான் நெதில்கோ.

"எங்க முடிஞ்சுது?" என்றாள் தோன்கா, கேமராவை விட்டுத் திரும்பாமல். "இந்த ரூம் ஒரே இருட்டு. மூணு போதாது. அஞ்சு எடுக்கணும்."

நெதில்கோ வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏழு," என்றாள் தோன்கா. "கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் வெளிய போங்க."