ஒரு வருஷம்கூடத் தராதவர்கள்

மருந்துகளின் மதிப்பைக் கணக்கிட்டு மாடல் போடும் கம்பெனியில் நெடுநாள் இருந்தேன். எக்செல் ஷீட்டில் விட்ட தப்புகள் எத்தனையோ. அவை எதுவும் இப்போது ஞாபகமில்லை. செல்வி மட்டும் இருக்கிறாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். பெங்களூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, மூட்டுவாதக்காரர்களுக்குப் புது மாத்திரை ஒன்றைச் சில மாதம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க எங்களிடம் மாடல் கேட்டார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் பொம்மனஹள்ளி நோயாளிகள் என் தலையில் விழுந்தார்கள்.

வெளிநாட்டில் தயாரித்த கேள்வி. "மாத்திரை இல்லாம, வலியோட பத்து வருஷம் இருக்கலாம். இல்லேன்னா வலியே இல்லாம, அதவிடக் கம்மி வருஷம். எத்தன வருஷத்த விட்டுக் கொடுப்பீங்க?" அதிக வருஷம் விட்டுக் கொடுத்தால் நோய் கொடியது, மருந்துக்கு மதிப்பு அதிகம். அதுதான் முறை.

செல்வி கார்மெண்ட்ஸில் தைப்பவள். மாத்திரைக்கு முன்னால் காலையில் விரலே மடங்காதாம்.

"ஒரு வருஷம்கூடத் தர மாட்டேன் மேடம்."

"வலி அவ்வளவா இல்லையா?"

"வலில உசிரு போவும். ஆனா நான் போயிட்டா ரெண்டு பொண்ணுங்கள யாரு பாப்பாங்க? வலிச்சாலும் இருந்துதானே ஆவணும்."

மற்ற பெண்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஃபார்மில் சைபர் என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மாடலை ஓட்டினால் செல்விக்கு ஒன்று என்று வந்தது. ஒன்று என்றால் பூரண ஆரோக்கியம். ஆரோக்கியமானவளுக்கு மாத்திரை எதற்கு? மேனேஜர் மூர்த்தியிடம் போனேன்.

"சார், இவங்களுக்கு நோயே இல்லேன்னு வருது. வேற விதமா கேட்டுப் பாக்கணும்."

"ப்ரோட்டோகால மாத்த முடியாதும்மா. வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரி கமிட்டி கூடுது. சும்மா இழுக்காம அனுப்பு."

கோபம் வந்தது. அலுப்பு அதைவிட அதிகமாக இருந்தது. அனுப்பிவிட்டேன், ஓர் அடிக்குறிப்புகூடப் போடாமல். கமிட்டி மாத்திரையை நிறுத்தியது.

சில மாதம் கழித்து ஓ.பி. வரிசையில் செல்வியைப் பார்த்தேன். தைக்க முடியாமல் வேலையை விட்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேனா மேடம்?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னீங்க."

அவள் நம்பவில்லை. கொஞ்சம் யோசித்து, "ரெண்டு வருஷம்னு மாத்திப் போட்டுக்குங்க. மீதி எட்டு வருஷத்துக்குள்ள பெரியவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிரும்" என்றாள்.

கமிட்டி முடிவெடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று அவளிடம் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சைபர் எழுதினால், பக்கத்தில் அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். மேனேஜர் திட்டினால் திட்டட்டும். நான் திட்டு வாங்கவில்லை, செல்விக்கு மாத்திரை போயிற்று.