கார்க் கதவில் மாமாவின் முகம்

மாமா ஸ்ரீரங்கம் நகரசபைத் தேர்தலில் நின்று தோற்ற வருஷம் எனக்கு எட்டு வயது. அம்மா பிரசவத்துக்காகப் பிறந்தகம் போயிருந்ததால் என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா அத்தையின் கணவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும். அந்த ஒரு தகுதியை நம்பித்தான் தேர்தலில் இறங்கினார் என்று என் அப்பா சொல்வார்.

கார் மாமாவுடையதல்ல. திருச்சி பெரியகடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அவருடைய நெருங்கிய சிநேகிதர். தேர்தல் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் வெளிர்நீலக் காரைச் சாவியோடு கொடுத்துவிட்டு, அவர் கடைக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார்.

மாமா சுயேச்சை. சின்னம் குடை. காரின் இரு பக்கமும் கதவுகளை மறைக்கிற அளவுக்குப் பெரிய போஸ்டர் ஒட்டப்பட்டது. விரித்த குடை, அதற்குக் கீழே சிரித்த முகமாக மாமா. எதிராளிகள் கிழித்துவிடுவார்களே என்று, மாமாவின் தளபதியாக இருந்த தையல்காரர் ஒரு யோசனை செய்தார். மைதாப் பசையை ஒதுக்கிவிட்டு, தச்சர்கள் நாற்காலிக் காலை ஒட்டுகிற வஜ்ரத்தைக் காய்ச்சி ஒட்டினார். கடைசிவரை யாராலும் கிழிக்க முடியவில்லை. அந்தத் தேர்தலில் எங்கள் தரப்புக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான்.

தோற்றதைக்கூட மாமா தாங்கியிருப்பார். எங்கள் தெருவிலேயே அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் சொற்பம் என்று தெரிந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று சொல்லிப் போனவர்கள் அவர்கள். மாமா உள் அறையில் போய்ப் படுத்தவர் வெளியே வரவில்லை. கார் மட்டும் வாசலில் நின்றது. அதன் கதவிலிருந்து மாமா தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த முகத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஓடினார்கள்.

இந்த நிலையில் பாயின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைத்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத் தாண்டித்தான் ஜட்காவில் ஏறிப் போனார்.

அத்தை நேரே உள் அறைக்குப் போனாள்.

"மாப்பிள்ளையை எதுல அழைச்சிட்டு வருவாங்க? அவங்க காரு நம்ம வாசல்ல நிக்குது."

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இந்த மூஞ்சியோட எப்படித் திருப்பிக் கொடுக்கறது?"

"மூஞ்சியை எடுத்துட்டுக் கொடுக்கலாம்," என்றாள் அத்தை.

மறுநாள் காலை தையல்காரர் தன் கடமையை உணர்ந்து ஒரு கொத்துக்கரண்டியோடு வந்தார். ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். காகிதம் வரவில்லை. பெயிண்டில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அத்தை கொத்துக்கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கித் தூர வைத்தாள்.

"புண்ணுல ஒட்டின துணியை இப்படியா பிய்ப்பீங்க?"

காரைத் தள்ளச் சொல்லி எதிர்ப்பக்கத்துப் புங்கமரத்து நிழலில் நிறுத்தினாள். வெயிலில் நின்றால் நனைத்தது உடனே காய்ந்துவிடும். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கை பொறுக்கிற சூட்டில் இருந்த வெந்நீரில் நனைத்து, போஸ்டர் மேல் போர்த்தினாள். ஆற ஆற வெந்நீர் விட்டாள். வெகு நேரம் கழித்து ஒரு மூலையை நகத்தால் நெம்பாமல், விரல் நுனியால் உருட்டினாள். வஜ்ரம் இளகி, காகிதம் கூழாகத் திரண்டு வந்தது. மிச்சமிருந்த பிசுக்கின் மேல் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்தாள். வெந்நீர் அடிக்கடி தீர்ந்தது. அடுப்புக்கும் காருக்குமாக ஓடி அவளுக்கு மூச்சு வாங்கியது.

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் எதிர்வீட்டு அம்மாள் ஒரு தவலை வெந்நீரைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு அடுத்த வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. அத்தையும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "அந்தப் பக்கம் கொஞ்சம் ஊத்துங்க," என்று மட்டும் சொன்னாள்.

குடை போய்விட்டது. முகம் மட்டும் மிஞ்சியிருந்தபோது அத்தை கையை எடுத்துக்கொண்டாள். ஈரத்துணியை அதன் மேல் விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். உரிக்கலாமா என்று நான் கேட்டேன். "இருடி," என்றாள்.

அப்போது மாமா வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் வெந்நீர்ச் செம்பு. தெருவில் யாரையும் பார்க்காமல் வந்து, அத்தைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியை விலக்கித் தன் முகத்தைத் தானே உருட்ட ஆரம்பித்தார்.

"மீசை வரமாட்டேங்குது பாரு," என்றார் சற்று நேரம் கழித்து.

"அதுக்குத்தான் வீம்பு ஜாஸ்தி," என்றாள் அத்தை. இருவரும் சிரித்தார்கள். இன்னொரு பக்கத்துப் போஸ்டரையும் அவர்களே சேர்ந்து எடுத்தார்கள்.

ஆனால் கழுவித் துடைத்துப் பார்த்தால், இரு பக்கமும் பெரிய சதுரமாக அடர்ந்த நீலம் தெரிந்தது. பல வருஷ வெயிலில் வெளுத்துப்போயிருந்த மேல்பூச்சு, அந்த இடத்தில் மட்டும் வஜ்ரத்தோடு சேர்ந்து வந்துவிட்டிருந்தது. அதை எதனாலும் அழிக்க முடியாது. மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய், பாய் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

பாய் காரைச் சுற்றி வந்தார். கீறலைப் பார்த்தார். சதுரத்தைக் கையால் தடவினார். "வாங்கினப்ப இந்தக் கலருலதாங்க இருந்துச்சு. நான் மறந்தே போயிட்டேன்," என்றார். மாமா சாவியை நீட்டினார். பாய் வாங்கவில்லை.

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நீங்கதாங்க ஓட்டணும்."

"நான் வேணாம் பாய். ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்ங்க. பாக்கத்தானே ஊர்வலம்."

கல்யாணத்தன்று காலை காரை மல்லிகைச் சரத்தால் மூடியிருந்தார்கள். பின்னால் மாப்பிள்ளை. முன்னால் மாமா, பக்கத்தில் நான். முன்னே பேண்டு வாசித்துக்கொண்டு போனதால் கார் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. கடை வீதியின் இரு பக்கமும் ஜனம். மாமா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாலையைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. வீதியின் பாதியில் மெல்லத் தலையை நிமிர்த்தினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அத்தனை பேரும் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்கள். ஓட்டுகிறவர் யார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கு மாமாவை நினைத்து ஒரே வருத்தம். இவ்வளவு அழகாகக் கார் ஓட்டுகிறார், ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே. அவரோ ஒரு கையைச் சாவகாசமாக ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, பேண்டுக்குத் தாளம் போட ஆரம்பித்திருந்தார். இதில் அவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.